அந்த டிரம்ஸ் எங்க போச்சு? – கம்போடியாவுல 6 நாள் இசைத்தட்டு வேட்டை

நாள் 1 – புனோம் பென்

வந்து சேர்ந்தாச்சு. சென்னைல இருந்து கோலாலம்பூர், அங்க 5 மணி நேரம் முதுகு ஒடிய உட்கார்ந்துட்டு அப்புறம் புனோம் பென். கையில தூக்கிட்டு வந்த குட்டி சூட்கேஸ் ரெக்கார்ட் பிளேயரை ஒவ்வொரு செக்கிங்லயும் திறந்து காட்ட வேண்டியதா போச்சு. சென்னைல ஒரு தம்பி முள்ளைத் தொட்டுப் பாத்துட்டு "சார் இது ஊசி இல்லையே"ன்னு கேட்டாரு, "இல்ல தம்பி, பாட்டு கேக்கற முள்ளு"ன்னேன், ஒரு மாதிரி பாத்துட்டு விட்டுட்டாரு.

எதுக்கு கம்போடியான்னு வீட்டுலயும் கேட்டாங்க, பழைய இசைத்தட்டு சேக்கற நம்ம தட்டு குரூப்லயும் கேட்டாங்க. அங்கோர் வாட்டுக்கு இல்லைங்க, இந்த தடவை கோயில் பக்கமே போகப்போறது இல்ல. 1994ல ஒரு அமெரிக்கக்காரர் சியெம் ரீப்புக்கு டூர் வந்தவரு, கடைத்தெருவுல கேசட் வாங்கிட்டுப் போனாரு. அதுல இருந்து எடுத்து 1996ல நியூயார்க் பக்கம் ஒரு சின்ன கம்பெனி 'கம்போடியன் ராக்ஸ்'னு ஒரு தொகுப்பு போட்டாங்க. சிடில 22 பாட்டு. கிடார் அலறுது, ஆர்கன் குதிக்குது, மேல ஒரு பொம்பளை குரல் வானத்துக்கும் பூமிக்குமா போயிட்டு வருது. ஆனா பாட்டு பேரு கிடையாது, பாடினவங்க பேரு கிடையாது, ஒண்ணுமே கிடையாது! கேட்டவங்கதான் அப்புறம் பல வருஷம் ஒருத்தர ஒருத்தர் விசாரிச்சு, இது சின் சிசாமுத், இது ரோஸ் செரேசொதியா, இது பான் ரோன், இது யோல் அவுலாரோங்னு ஒவ்வொண்ணா பேரு கண்டுபிடிச்சாங்க. ஒரு நண்பர் பென் டிரைவ்ல குடுத்து நான் கேட்டதும் அந்த பேரில்லாத லிஸ்ட்தான், டிராக் 1, டிராக் 2ன்னு. அன்னிக்குப் பிடிச்ச பித்து.

ஏர்போர்ட்ல இருந்து ரூமுக்கு வந்தது நம்ம ஊரு பஜாஜ் ஆட்டோல. நிஜமாத்தான், ஊர் பூரா அதுதான் ஓடுது, ஆப்ல புக் பண்ணா பஜாஜ் வந்து நிக்குது. டிரைவர் என்னைப் பாத்து "போங், போங்"னு கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு, எனக்கு "போங்க போங்க"ன்னு துரத்தற மாதிரியே கேக்குது. அப்புறம் ரிசப்ஷன்ல கேட்டா கெமர் பாஷைல 'போங்'னா அண்ணன், அக்கா ரெண்டும். தாத்தாவுக்கு 'தா', பாட்டிக்கு 'யேய்'. பேரு சொல்லிக் கூப்பிடறத விட இப்படி முறை வச்சுக் கூப்பிடறதுதான் இங்கயும் மரியாதையாம். ஒரே நாள்ல ஊரு நம்ம ஊராயிடுச்சு.

நாள் 2 – ருஷ்யன் மார்க்கெட்

துவல் தொம் போங் மார்க்கெட். 80கள்ல ருஷ்யாக்காரங்க நிறைய வாங்குவாங்களாம், அதனால அந்தப் பேரு. உள்ள போனா பட்டுத்துணி, பக்கத்துலயே பைக் செயினு, அதுக்குப் பக்கத்துல கருவாடு, மேல தகரக் கூரை, வேர்வைல சட்டை உடம்போட ஒட்டிக்கிச்சு.

ஒரு மெமரி கார்டு கடை. பொண்ணு ஒண்ணு உட்கார்ந்திருந்துச்சு, 20 வயசு இருக்கும். "சிசாமுத்?"ன்னு கேட்டேன், அது முகம் மலர்ந்துடுச்சு, 2 டாலருக்கு கார்டு நிறைய ஏத்தித் தரேன்னுச்சு. இங்க டாலரும் ஓடுது ரியெலும் ஓடுது, 1 டாலருக்குத் தோராயமா 4000 ரியெல், சில்லறை பூரா ரியெல்ல வரும், ரெண்டு நாள்ல பாக்கெட் தலையணை மாதிரி ஆயிடும். போட்டுக் காட்டுச்சு. சிசாமுத் குரல், சந்தேகமே இல்ல, நம்ம பி.பி.ஸ்ரீனிவாஸ் மாதிரி மெத்துன்னு காதுல வந்து உட்காரற குரல். ஆனா பின்னாடி டிஸ்கு டிஸ்குன்னு ஒரு எலக்ட்ரானிக் டிரம்ஸ்! கல்யாண மண்டப கீபோர்டு வேற. எனக்கு வயிறெல்லாம் எரிஞ்சுது.

இதுக்கு ஒரு காரணம் இருக்கு, சொல்லிடறேன். 60கள்ல இந்த ஊர்ல பாட்டு பிச்சுக்கிட்டு ஓடியிருக்கு. நாட்டை ஆண்ட இளவரசர் சிஹானூக்கே பாட்டு எழுதி இசையமைக்கிறவரு, ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் ஒரு இசைக்குழு இருக்கணும்னு ஊக்கப்படுத்தினவரு. பிரெஞ்சுப் பாட்டு, கியூபா பக்கத்து சாச்சாச்சா, ட்விஸ்ட், அப்புறம் வியட்நாம்ல இருந்த அமெரிக்க ராணுவ ரேடியோ, எல்லாம் சேந்து இவங்க ரோம்வோங், அதாவது வட்டமா ஆடற ஆட்டத்து மெட்டுக்குள்ள போயி ஒரு புது சரக்கு வந்துச்சு. சிசாமுத் நர்சிங் படிக்க வந்த ஆளு, வடகிழக்குல ஸ்துங் த்ரெங்னு ஒரு ஊரு, படிச்சுக்கிட்டே பாடப்போயி ரேடியோல சேந்து ஆயிரத்துக்கு மேல பாடிட்டாரு. அப்புறம் 1975 ஏப்ரல் 17. கெமர் ரூஜ்னு கம்யூனிஸ்ட் படை உள்ள வந்து நகரத்தையே காலி பண்ணிட்டாங்க. பாடகருங்க, படிச்சவங்க, நகரத்து ஆளுங்க, தேடித்தேடி. சிசாமுத், செரேசொதியா, பான் ரோன் மூணு பேரும் திரும்பி வரல, எப்ப எங்க எப்படி போனாங்கன்னு ஒருத்தருக்கும் உறுதியா தெரியாது, ஆளுக்கு ஒரு கதை சொல்றாங்க. சியெங் வந்தின்னு ஒரு பாடகி "நான் வாழைப்பழம் விக்கிறவ"ன்னு பொய் சொல்லித் தப்பிச்சாங்க. பாடத் தெரியும்னு சொல்லியிருந்தா அவ்ளோதான்.

அவங்க ஆட்சிக்கு இங்க எல்லாரும் ஒரே கணக்கு சொல்றாங்க, 3 வருஷம் 8 மாசம் 20 நாள். அது முடிஞ்சப்ப மிச்சம் இருந்தது வெளிநாட்டுக்குத் தப்பிச்சவங்க கையில இருந்ததும், இங்கயே எவனோ எங்கயோ ஒளிச்சு வச்சதும்தான். அதை கேசட்ல போட்டாங்க, அப்புறம் கலிஃபோர்னியா லாங் பீச், பாரிஸ்னு அகதியா போனவங்க சிடி போட்டாங்க. போடும்போது தேஞ்ச சத்தத்தை மறைக்கவோ, காலத்துக்கு ஏத்த மாதிரி பண்ணவோ, மேல டிரம்ஸும் கீபோர்டும் சேத்தாங்க, கொஞ்சம் வேகத்தையும் கூட்டினாங்க. அதுல இருந்து காப்பி, காப்பில இருந்து காப்பி. நம்ம வேட்டையே இந்த ஒட்டு இல்லாத ஒரிஜினல் தட்டுக்குத்தான், வாட் புனோம், சான் சாயான்னு லேபிள் போட்ட 45 ஆர்பிஎம் சின்னத் தட்டுங்க.

மார்க்கெட்டுக்கு வெளிய ஒரு பழைய சாமான் கடைல ஒண்ணு மாட்டுச்சு. கவர்ல செரேசொதியா முகம், தூக்கிக் கட்டின கொண்டை, 150 டாலர் சொன்னாரு. நம்ம வழக்கம்தான், முதல்ல கவரோட ஓரத்தைப் பாக்கணும், பழைய கவர்ல தட்டு விளிம்பு அழுத்தி அழுத்தி வட்டமா ஒரு வெள்ளைத் தடம் விழுந்திருக்கும். இதுல இல்ல. மூக்குகிட்ட வச்சுப் பாத்தா பிரிண்டர் மை வாசனை. உள்ள தட்டை எடுத்து வெளிச்சத்துல சாச்சுப் பிடிச்சா கோடு கோடா நகம் வச்சுக் கீறின மாதிரி, லேபிளைப் பாத்தா பிரெஞ்சுல ஏதோ அக்கார்டியன் வாத்தியக் குழு! கடைக்காரர்கிட்ட காட்டினேன், அவரு சிரிச்சாரு, நானும் சிரிச்சேன், 20 டாலருக்குத் தரேன்னாரு. வேணாம் போங்னுட்டு வந்துட்டேன்.

நாள் 3 – போபனா சென்டர்

இன்னிக்குக் காலைல துவல் ஸ்லெங் போனேன். அதைப் பத்தி எழுத எனக்கு வரல, விட்டுடுங்க.

அங்க இருந்து நேரா போபனா சென்டர். ரித்தி பான்னு சினிமா டைரக்டர், 2006ல ஆரம்பிச்சது, கெமர் ரூஜ் காலத்துல துவல் ஸ்லெங் சிறைல கொல்லப்பட்ட ஒரு பொண்ணோட பேரைத்தான் வச்சிருக்காங்க. போபனான்ற பேருல இருக்கற 'போபா' நம்ம புஷ்பாதான். யாரு வேணா போயி உட்கார்ந்து பழைய படம், ரேடியோ, பாட்டு எல்லாம் கேக்கலாம், காசு கிடையாது. கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார வச்சு ஹெட்போன் குடுத்தாங்க. அவங்க தேடுற சாஃப்ட்வேர் பேரு என்ன தெரியுமா, ஹனுமான்! ஒரு மூலிகை கேட்டா மலையையே தூக்கிட்டு வந்தவரு பேரை இதுக்கு வச்சவன் எவனோ அவன் ரசிகன்.

4 மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். செரேசொதியா பாராசூட்ல குதிக்கிற ஃபிலிம் துண்டு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருப்பீங்க. 1970ல சிஹானூக்கைக் கவுத்துட்டு லோன் நோல் வந்த அப்புறம் பாடகருங்களும் ராணுவத்துக்குப் பாட வேண்டியதாச்சு, அந்தம்மா பாராசூட் பயிற்சியே எடுத்திருக்காங்க. ஆர்மி டிரஸ்ல சிரிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. "சின்னம் ஊன் தோப் பிராம் முய்"னு அவங்க பாட்டு ஒண்ணு, எனக்கு வயசு 16ன்னு அர்த்தம், அது இன்னிக்கும் இங்க சின்னப் பசங்களுக்குக் கூட தெரியுது. பான் ரோனுக்கு அதுக்கு நேர் எதிரா ஒரு பாட்டு, எனக்கு 31 ஆயிடுச்சு இன்னும் கல்யாணம் ஆகலைன்னு. ஒருத்தி ஆரம்ப கால ஜானகி, ஒருத்தி எல்.ஆர்.ஈஸ்வரின்னு வச்சுக்கோங்க, சண்டைக்கு வராதீங்க, என் காதுக்கு அப்படித்தான். எனக்கு ஓட்டு எப்பவும் ஈஸ்வரிக்குத்தான், அதாவது பான் ரோனுக்கு, குரல்ல அந்தத் திமிரு வேற யாருக்கும் வராது. ஆனா வேட்டைன்னு வந்தா செரேசொதியா தட்டுதான், ஏன்னா இந்த ஒரு பாட்டு, 'ஸ்துங் கியெவ்', நீல ஆறுன்னு அர்த்தம், 1967. அந்தம்மா பாட்டம்பாங்ல இருந்து தலைநகரம் வந்து பேரு வாங்கினதே அதுலதான்.

சாயங்காலம் ஒலிம்பிக் ஸ்டேடியம், வான் மோலிவான்னு இவங்க ஊரு பெரிய ஆர்க்கிடெக்ட் கட்டினது, 1964ல முடிஞ்சது. மேல் படிக்கட்டுல ஸ்பீக்கர் வச்சு அம்மாமாரெல்லாம் வரிசையா ஏரோபிக்ஸ் பண்றாங்க. கேட்டா சிசாமுத் பாட்டு, டிஸ்கு டிஸ்கு. தப்பிக்கவே முடியல.

நாள் 4 – பாட்டம்பாங்குக்கு

வேன்ல ஏறி கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர், ரெண்டு பக்கமும் வயலு, பனமரம், சர்க்கரைப் பனைன்னே இவங்க நாட்டு மரம் அது, நம்ம ராமநாதபுரம் பக்கம் தண்ணி நின்னா எப்படி இருக்கும் அப்படி இருக்கு. பக்கத்து சீட்டு அக்கா புளிப்பு மாங்காய மொளகா உப்புல தொட்டுக் குடுத்தாங்க. சங்கேர் ஆத்தங்கரைல ரூம். வேற ஒண்ணும் இல்ல, தூங்கறேன்.

நாள் 5 – பாட்டம்பாங்

இன்னிக்குத்தான் எழுத விஷயம் இருக்கு, டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

காலைல புசார் நாத் மார்க்கெட், அந்த மணிக்கூண்டு வச்ச பழைய கட்டடம், சுத்தி சுத்தி பாத்தாச்சு, தட்டு இல்ல. டுக்டுக் ஓட்டற அண்ணன், 50க்கு மேல வயசு, ஓரளவு இங்கிலீஷ் பேசுவாரு, "எதுக்கு போங் இவ்ளோ அலையறீங்க"ன்னாரு. சொன்னேன். "எங்கம்மா செரேசொதியா பாடறத நேர்ல கேட்டவங்க, வர்றீங்களா"ன்னாரு. எனக்குக் கால் தரைல நிக்கல. போற வழி பூரா மனசுக்குள்ள ஒரு பரண், பரண் மேல ஒரு டிரங்குப் பெட்டி, உள்ள துணில சுத்தின தட்டு. தட்டு தேடறவன் புத்தி அதுதான்.

ஊருக்கு வெளிய, மரத்தூண் மேல நிக்கற வீடு, கீழ தொட்டில், ரெண்டு கோழி, ஒரு சேவல். யேய் 80 வயசு இருக்கும், மொட்டை போட்ட மாதிரி வெட்டின வெள்ளை முடி, வெத்தலை போட்டு வாயெல்லாம் செவப்பு. எனக்கும் ஒரு வெத்தலை நீட்டினாங்க, நான் சுண்ணாம்பு தடவுற லட்சணத்தைப் பாத்து "இவனுக்குத் தெரியுது"ன்னு மகன்கிட்ட சொல்லிச் சிரிச்சாங்க.

கேட்டேன், மகன் மொழிபெயர்த்தாரு. ஸ்துங் கியெவ்ன்ற பேருல இங்க ஒரு ரெஸ்டாரண்ட் இருந்துச்சு, புனோம் பென் போறதுக்கு முன்னாடி செரேசொதியா அங்கதான் பாடிட்டு இருந்தாங்க. யேய் அந்த வாசல்ல சுட்ட வாழைப்பழம் வித்திருக்காங்க. உள்ள போனதே இல்ல. ஜன்னல் வழியா வந்ததுதான். "மூஞ்சிய ஒரு தடவைதான் பாத்தேன், சைக்கிள் ரிக்‌ஷால ஏறும்போது. ஒல்லியா இருந்தா."

தட்டு ஏதாவது இருக்கான்னு மெதுவா கேட்டேன். யேய் என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. தட்டு வாங்க எங்ககிட்ட ஏது காசு, தட்டுக்கு மெஷின் வேணும், மெஷினுக்கு வீடு வேணும், ரேடியோல கேட்டோம், அதுவும் அடுத்த வீட்டு ரேடியோன்னாங்க. பரண், டிரங்குப் பெட்டி எல்லாம் அந்த நிமிஷமே காலி.

சரி, வந்ததுக்கு நம்மகிட்ட இருக்கறதையாவது போட்டுக் காட்டலாம்னு போன்ல வச்சிருந்த 'ஸ்துங் கியெவ்' எடுத்தேன். பழைய தட்டுல இருந்து யாரோ பொறுமையா எடுத்த சுத்தமான காப்பி, ஒட்டு கிடையாது, ஒரிஜினல் வேகம். இந்த மாதிரி ஒரிஜினல தேடி சேத்து, பாடினவங்க குடும்பத்துக்கு உரிமை வாங்கிக் குடுக்கறதுக்குன்னே கம்போடியன் வின்டேஜ் மியூசிக் ஆர்கைவ்னு ஒரு குழு கூட வேலை பாக்குது, அவங்களுக்கு ஒரு கும்பிடு. ஸ்பீக்கரைத் திண்ணைல வச்சேன். யேய் கண்ணை மூடிக்கிட்டு வெத்தலைத் தட்டு விளிம்புல ரெண்டு விரல்ல தட்ட ஆரம்பிச்சாங்க. ஒரு பத்து செகண்டு. விரல் நின்னுச்சு. திரும்பத் தட்டினாங்க, திரும்ப நின்னுச்சு. தாளம் சேரல அவங்களுக்கு. கண்ணைத் திறந்து மகன்கிட்ட என்னமோ சொன்னாங்க, அவரு சங்கடமா என்னைப் பாத்தாரு.

"என்ன சொல்றாங்க?"

"ஏன் தூங்கி வழியுதுன்னு கேக்கறாங்க. அப்புறம், அந்த டிரம்ஸ் எங்க போச்சுன்னு."

உள்ள போயி ஒரு கேசட் எடுத்துட்டு வந்தாங்க. 80கள்ல தாய்லாந்து பார்டர் பக்கத்துல இருந்து வந்ததாம், அட்டையே இல்ல, பால்பாயிண்ட் பேனால எழுதினது மங்கிப்போயிருக்கு. டூ இன் ஒன் ஒண்ணு, மூடி உடைஞ்சது, ரப்பர் பேண்டு போட்டு கேசட்டை இழுத்துப் பிடிச்சிருந்தாங்க. போட்டாங்க. அதே பாட்டு, அரை சுருதி ஏறி, ஓட்டமா, டிஸ்கு டிஸ்குன்னு. யேய் விரல் இப்ப ஒரு இடத்துல கூட தப்பல. இடையில டிரம்ஸ் மட்டும் தனியா உருண்டு வர்ற இடத்துல வாயால "துரு துரு துரும்"னு வேற போட்டாங்க, மருமக அடுப்படில இருந்து அதே இடத்துல அதே துரு துரும்.

நாலு நாளா வயிறெரிஞ்சது எனக்கு அப்படியே அடங்கிப் போச்சுங்க. இந்த வீட்டுக்குப் பாட்டு திரும்பி வந்ததே அந்த டிரம்ஸோடதான். நாலு வருஷம் பாட்டே இல்லாம இருந்து அப்புறம் முதல் தடவை கேட்டது இது, ஒரிஜினலாவது ஒண்ணாவது. எங்க வீட்டுல நான் ரேடியோ முன்னாடி டேப் ரெக்கார்டர் வச்சுப் பதிஞ்ச ஒரு கேசட் உண்டு, பாட்டு நடுவுல அம்மா குக்கர் ரெண்டு விசில் அடிக்கும். இன்னிக்கும் அந்தப் பாட்டை எங்க கேட்டாலும் சரணம் முடியறப்ப எனக்கு விசில் வரணும். இத்தனைக்கும் குரூப்ல ஒட்டுப் போட்ட பாட்டு எவனாவது அனுப்பினா முதல்ல திட்டறவன் நான்தான்.

கேசட்டை விலைக்குக் கேக்க வாய் வந்துச்சு, கேக்கல. பதிஞ்சுக்கட்டுமான்னேன், சரின்னாங்க. போனை டூ இன் ஒன் பக்கத்துல வச்சு எல்லாரையும் வாய மூடச் சொல்லி, பாட்டு பாதி போறப்ப அந்த சேவல் இருக்கே, நேரா திண்ணைக்கு வந்து கழுத்தை நீட்டி ஒரு கூவு. இன்னொரு தடவை போடலாம்னு ரீவைண்ட் பண்ணா கிர்ருன்னு டேப் சிக்கிக்கிச்சு. பென்சில் விட்டு அரை மணி நேரம் சுத்தி ஒருவழியா வெளிய எடுத்துக் குடுத்தேன். யேய் திட்டல. ஆனா திரும்பப் போட வேணாம்னுட்டாங்க, ஞாயம்தான்.

நாள் 6 – திரும்ப புனோம் பென்

மத்தியானம் வந்து சேந்தேன். தட்டு சேக்கறவர் ஒருத்தரோட நம்பர் நம்ம குரூப் அண்ணன் ஒருத்தர் மூலமா கிடைச்சிருந்துச்சு, ஆத்தங்கரை கஃபே ஒண்ணுல பாத்தோம். ஃபைல் மாதிரி ஒண்ணுல 30 தட்டு அடுக்கி வச்சிருந்தாரு. 'ஸ்துங் கியெவ்' இல்ல, கிடைச்சாலும் தரமாட்டேன்னாரு, பிடிச்சுது எனக்கு அவரை. வேற ஒரு செரேசொதியா, கவர் ஓரம் கரையான் தின்னது, ஆனா வட்டத் தடம் இருக்கு, தட்டு ஒரே ஒரு மயிரிழைக் கீறலோட கருகருன்னு மின்னுது. 90 டாலர். பேரம் பேசல. பொண்டாட்டிகிட்ட 19ன்னு சொல்லிக்கலாம்.

ரூமுக்கு வந்து சூட்கேஸ் பிளேயரைத் திறந்து, பனியன் துணில துடைச்சு, முள்ளை வச்சேன். புசுபுசுன்னு ரெண்டு சுத்து, அப்புறம் குரல். என்ன சொல்றது, பக்கத்து ரூம்ல நின்னு பாடற மாதிரி இருக்கு, கிடார் கம்பி அதிர்றது கூட கேக்குது, ஒட்டு இல்ல, ஓட்டம் இல்ல. 3 தடவை போட்டேன்.

அப்புறம் போன்ல இருக்கறதையும் போட்டேன், யேய் வீட்டுது. காலைல இருந்து வேன்ல இதையேதான் கேட்டுக்கிட்டு வந்தேன். அதுக்கப்புறம் நம்மகிட்ட முன்னாடியே இருந்த அந்த சுத்தமான காப்பி 'ஸ்துங் கியெவ்' தானா ஓட ஆரம்பிச்சுது. பெட்டில துணி மடிச்சு வச்சுக்கிட்டே கேட்டுட்டு இருக்கேன், ரெண்டாவது சரணம் பாதில கை தானா நின்னுடுச்சு.

சேவல் கூவல.